கூகுள் அனலிட்டிக்ஸில் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் விடாதீர்கள்

நிறையப் பேர் ஜிஏ4-ஐ, அதாவது நம் இணையதளத்துக்கு யார் வருகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸின் இப்போதைய பதிப்பை, எக்ஸெல் மாதிரி நினைக்கிறார்கள். தரவெல்லாம் உள்ளே கிடக்கும், வேண்டும்போது வடிகட்டிக்கொள்ளலாம் என்று. அப்படி இல்லை. ஒரு ஈவென்ட் (பக்கம் திறப்பது, பொருள் வாங்குவது போன்ற ஒரு செயலின் பதிவு) போய்ச் சேரும் நேரத்தில் என்ன ஃபில்டர் ஓடுகிறதோ அதன்படிதான் பதிவாகும், நாளைக்கு மாற்றினால் நாளையிலிருந்துதான் மாறும், நேற்றையது நேற்றையதுதான்.

அலுவலக ஆட்களின் வருகையை நீக்குவதையே எடுத்துக்கொள்வோம். ஐபி முகவரியைக் கொடுத்து ஒரு விதி எழுதிவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடுகிறார்கள். நானும் போயிருக்கிறேன், எங்கள் டிசைனர் முகப்பைத் திரும்பத் திரும்ப ரெஃப்ரெஷ் செய்ததையெல்லாம் வாடிக்கையாளர் ஆர்வம் என்று ரிப்போர்ட் போட்டோம். அந்த விதி வெறும் அடையாளம்தான் ஒட்டுகிறது. வெளியே தள்ளுவது டேட்டா ஃபில்டர் என்ற தனி இடம், அது ஆரம்பத்தில் டெஸ்டிங் நிலையில்தான் இருக்கும், ஆக்டிவ் ஆக்கினால்தான் வேலை செய்யும். அதற்காக அவசரப்படவும் கூடாது: ஐபி தப்பாக இருந்து நிஜ வாடிக்கையாளர்கள் வெளியே போய்விட்டால், அந்தத் தரவைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது.

அடுத்தது பேமெண்ட் கேட்வே. விளம்பரத்தைப் பார்த்து வந்தவர் பணம் கட்ட வேறு தளத்துக்குப் போய்த் திரும்புகிறார், விற்பனையின் பெருமை முழுக்க அந்தப் பேமெண்ட் தளத்துக்குப் போய்விடுகிறது. இதைப் பார்த்து நன்றாக ஓடிய விளம்பரத்தை நிறுத்தியவர்கள் உண்டு. தேவையில்லாத ரெஃபரல் (எந்தத் தளத்திலிருந்து வந்தார் என்ற கணக்கு) பட்டியலில் அந்த டொமைனைச் சேர்ப்பது இரண்டு நிமிட வேலை.

யூடிஎம்மில், அதாவது வருகை எங்கிருந்து என்று காட்ட லிங்கின் கடைசியில் ஒட்டும் குறிப்பில், பெரிய எழுத்து, சின்ன எழுத்து கலந்து எழுதினால் ஒரே ஃபேஸ்புக் இரண்டு வரிசையாக வரும். டீமில் எல்லாரும் சின்ன எழுத்து என்று முடிவு செய்துவிடுங்கள், தீர்ந்தது.

அப்புறம் தரவை வைத்திருக்கும் காலம். சாதாரணமாக 2 மாதம் என்று இருக்கும், இலவசப் பதிப்பிலேயே 14 மாதமாக மாற்றலாம். வழக்கமான ரிப்போர்ட்களுக்கு இதனால் பாதிப்பில்லை என்பதால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை; போன தீபாவளியோடு இந்தத் தீபாவளியை எக்ஸ்ப்ளோரேஷனில் (நாமே அமைத்துக்கொள்ளும் ஆய்வுப் பகுதி) ஒப்பிட உட்காரும்போதுதான் பழையது அழிந்துபோனது தெரியும்.

நேற்றைய விற்பனை ஏன் கடைக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்று காலை பத்து மணிக்கு மேலாளர் கேட்டால் பதற வேண்டாம். செயலாக்கம் முடிய 24 முதல் 48 மணி நேரம் ஆகலாம். நாளை மறுநாள் பார்க்கச் சொல்லுங்கள், அப்போதும் பெரிய இடைவெளி இருந்தால், தளத்திலிருந்து தரவை அனுப்பும் கோடான டேகைத் தோண்டலாம்.