வீட்டு வேதபாடக் குழுவில் சேர்வது எப்படி?

கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த நான், திருமணத்திற்குப் பின் சென்னையில் கணவரின் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்னும் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த வேதபாடக் குழு ஒன்றில் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் யாராவது ஒருவர் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். இப்படி ஒரு குழுவில் புதிதாகச் சேர விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆயரிடம் (அந்தச் சபையின் போதகரிடம்) உங்கள் தெருவின் பெயரைச் சொல்லி, அருகில் கூடும் குழு எது என்று கேளுங்கள். பிறகு குழுவை நடத்துபவரைத் தொலைபேசியில் அழைத்து, இந்த வாரம் எந்த வீடு, எத்தனை மணி என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அதே அழைப்பில் எந்த வேதபகுதி, எந்த மொழிபெயர்ப்பு என்பதையும் கேட்டுவிடுங்கள். நான் இதைக் கேட்காமல் சென்றேன். பள்ளியில் பரிசாகக் கிடைத்த, கத்தோலிக்கர் வாசிக்கும், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம்தான் என் கையில் இருந்தது. "அப்போஸ்தலர் இரண்டாம் அதிகாரம், ஆளுக்கொரு வசனம்" என்று அறிவித்தார்கள். என் புத்தகத்தின் பொருளடக்கத்தில் அந்தப் பெயரே இல்லை. வாசிப்பு என்னை நெருங்க நெருங்கக் கைகள் நடுங்கின. பக்கத்திலிருந்த அக்கா தம்முடைய வேதாகமத்தை என் மடியில் வைத்து, 46ஆம் வசனத்தில் விரலை வைத்துக் காட்டினார். வீடுகள்தோறும் அப்பம் பிட்டு உண்ட முதல் விசுவாசிகளைப் பற்றிய வசனம் அது. அந்த அன்பை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

சீர்திருத்தச் சபைகள் (புராட்டஸ்டண்ட் சபைகள்) பெரும்பாலும் வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பையே வாசிக்கின்றன. அதில் ஆதியாகமம் என்பது திருவிவிலியத்தில் தொடக்க நூல், யாத்திராகமம் விடுதலைப் பயணம், சங்கீதம் திருப்பாடல்கள், அப்போஸ்தலருடைய நடபடிகள் திருத்தூதர் பணிகள். மேலும், கத்தோலிக்கர் ஏற்கும் 73 நூல்களில் தோபித்து, யூதித்து போன்றவை 66 நூல்கள் கொண்ட பழைய மொழிபெயர்ப்பில் இல்லை. ஆகவே இரண்டு வரிசைப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, அட்டையின் உட்புறம் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கைப்பேசிச் செயலியைவிட அச்சுப் புத்தகத்தையே நான் பரிந்துரைப்பேன். பக்கங்களைப் புரட்டிப் புரட்டித்தான் நூல்களின் வரிசை மனத்தில் பதிகிறது. கூட்டத்திற்குப் பழைய மொழிபெயர்ப்பை எடுத்துச் செல்லுங்கள். முந்தைய இரவு அதே பகுதியைத் திருவிவிலியத்திலும் படித்துவிட்டால், கடினமான சொற்களின் பொருள் விளங்கிவிடும்.

ஒவ்வொருவராகச் ஜெபிக்கும் நேரத்தில் இரண்டு வாக்கியங்கள் போதும். வாய்விட்டு ஜெபிக்கத் தயக்கமாக இருந்தால், அடுத்தவரை ஜெபிக்கும்படி மெல்லச் சொல்லலாம். யாரும் தவறாக எண்ணுவதில்லை.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒரு குழுவில் சேர்ந்த கத்தோலிக்கச் சகோதரி ஒருவர், நான் சொல்ல மறந்த ஒன்றை எழுதியிருக்கிறார். கூட்டத்தின் முடிவில் பரமண்டல ஜெபத்தை (இயேசு கற்றுத்தந்த ஜெபத்தை) எல்லோரும் சேர்ந்து சொன்னபோது, தீமையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்னும் வரியோடு அவர் நிறுத்திவிட, மற்றவர்கள் "ராஜ்யமும், வல்லமையும், மகிமையும்" என்று தொடர்ந்திருக்கிறார்கள். அந்த வரி பழைய மொழிபெயர்ப்பில் மத்தேயு 6:13இல் இருக்கிறது. புறப்படுமுன் ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள்.