சார்ஜரில் குறையில்லை, கேபிளில்தான்

சில வாரங்களாக என் லேப்டாப்பில் ஒரே தொல்லை. சார்ஜரைச் செருகியிருந்தும், வீடியோ எடிட் செய்யும்போது பேட்டரி சதவீதம் இறங்கிக்கொண்டே போனது. மெதுவாகச் சார்ஜ் ஆகிறது என்று திரையில் எச்சரிக்கை வேறு. சார்ஜர் 100 வாட். அதனால் பேட்டரிக்குத்தான் வயதாகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். புதிது வாங்கும் முன், எதற்கும் பார்ப்போமே என்று கேபிளை மட்டும் மாற்றினேன். எச்சரிக்கை மறைந்தது, சதவீதம் ஏறத் தொடங்கியது.

அப்புறம்தான் காரணம் புரிந்தது. நான் போட்டிருந்தது போனோடு வந்த யுஎஸ்பி-சி கேபிள். பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் இரு முனையிலும் யுஎஸ்பி-சி உள்ள சாதாரண சி-டு-சி கேபிளுக்கு வரம்பு 3 ஆம்பியர். 20 வோல்ட்டில் அது 60 வாட். 100 வாட்டுக்கு 5 ஆம்பியர் போக வேண்டும்; அதற்கு, கேபிள் எவ்வளவு தாங்கும் என்று சார்ஜருக்குச் சொல்லும் இ-மார்க்கர் என்ற சின்ன சிப் கேபிள் முனைக்குள் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சார்ஜர் 3 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். கேபிள் சூடாகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

உங்களுக்கும் இப்படி நடந்தால் முதலில் கேபிளைப் பாருங்கள். 100 அல்லது 240 வாட் என்று அச்சிட்டிருந்தால் சரி. போன் கேபிளோடு கலந்துவிடாமல் இருக்க, லேப்டாப் கேபிளில் சிவப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.