காது மெஷின் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல." வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. வயதாக ஆக, முதலில் மங்குவது பெரும்பாலும் உயர் அதிர்வெண் ஒலிகள்தான். குரலின் கனம் கீழ் அதிர்வெண்களில் இருப்பதால் யாரோ பேசுவது தெரிகிறது. க, த, ப போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் நுணுக்கம் பெரும்பாலும் மேலே இருப்பதால், 'கட்டு', 'தட்டு', 'பட்டு' எல்லாம் ஒன்றாகிவிடுகிறது. எல்லாச் சத்தத்தையும் ஒன்றுபோலக் கூட்டும் ஆம்பிளிஃபையரை ஆன்லைனில் மலிவாக வாங்கிக் காதில் செருகினால், பேத்தியின் குரலோடு மிக்சியும் ஃபேனும் சேர்ந்து ஏறும். குழப்பம் அப்படியே இருக்கும்.

ஈ.என்.டி. டாக்டரிடம் காட்டாமல் நேராக மெஷின் கடைக்குப் போவது இன்னொரு தவறு. காதுக்குள் இறுகிய அழுக்கு மட்டும்தான் காரணம் என்றால், அதை எடுத்தாலே போதும். சீழ், தலைசுற்றல், ஒரு காதில் மட்டும் கேட்காமை இருந்தால் கட்டாயம் டாக்டர் பார்க்க வேண்டும். இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: நேற்று வரை நன்றாகக் கேட்ட காது இன்று திடீரென அடைத்துப்போனால் அது அவசரம். 'நீர் கோத்திருக்கும்' என்று எண்ணெய் விட்டுக் காத்திருக்காதீர்கள். ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் கேட்கும் திறன் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு.

சரி, மெஷின்தான் தேவை என்றாகிவிட்டது. எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்று கேளுங்கள். காதைச் சோதித்து மெஷின் பொருத்தும் வேலைக்கு உரியவர் ஆடியோலஜிஸ்ட். பேச்சு, செவித்திறன் பட்டம் படித்து, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தவர். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். விற்பனைக்கு நிற்பவரும் கோட்டு போட்டிருக்கலாம்.

சோதனை நடக்கும் விதத்தையும் கவனியுங்கள். சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, மிக மெல்லிய ஒலி கேட்டாலும் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். அப்புறம் காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வுக் கருவி வைத்து அதே சோதனை. சில சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லவும் வேண்டும். சோதனை முடிவைக் காட்டும் வரைபடமான ஆடியோகிராமில் சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது. வெளியே ஆட்டோ ஹாரன் கேட்க, கடை மேசையிலேயே ஐந்து நிமிடத்தில் முடியும் 'இலவச டெஸ்ட்'டை நம்பி மெஷினை அமைத்தால், அடித்தளமே கோணல்.

வாங்குபவர்கள் அதிகம் கேட்பது இரண்டு: எத்தனை சேனல் (தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒலிப் பிரிவுகள்), வெளியே தெரியுமா? எனக்கு இரண்டுமே பின்னால் கேட்க வேண்டியவை. காதுக்குள் மறையும் குட்டி மெஷினில் போடும் 10 நம்பர் பேட்டரி ஆறு மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது. விரல் நடுங்கும் தாத்தா அதை எப்படி மாற்றுவார்? 'மெஷின் போட்ட பிறகு காதுக்குள் மெல்லிய குழாய் வைத்து ஒலி அளவைச் சரிபார்ப்பீர்களா? ட்ரையல் உண்டா? அடுத்த செட்டிங்குக்குக் காசு கேட்பீர்களா?' என்று கேளுங்கள். இரண்டு காதும் குறைந்திருந்தால், ஒரு காதுக்கு விலை உயர்ந்த மெஷினைவிட இரண்டுக்கும் சாதாரண மெஷின் மேல் என்பேன். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதே இரண்டு காதும் கேட்டால்தான் பிடிபடும்.

வாங்கி வந்த பிறகு நடக்கும் தவறுதான் மெஷினை அலமாரிக்கு அனுப்புகிறது. மூக்குக்கண்ணாடி மாதிரி போட்டதும் தெளிந்துவிடும் என்று நினைத்து, முதல் நாளே கல்யாண மண்டபத்துக்கு மாட்டிக்கொண்டு போனால், நாதஸ்வரமும் பந்திச் சத்தமும் மண்டையைப் பிளக்கும். பல வருடங்களாகக் கேட்காத ஒலிகளுக்கு மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். முதலில் அமைதியான வீட்டில் தினம் சில மணி நேரம் போடுங்கள். ஆடியோலஜிஸ்டிடம் 'நல்லா இல்லை' என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. 'தட்டு விழுந்தா காது கூசுது', 'என் குரலே குகைக்குள்ள கேக்குற மாதிரி இருக்கு' என்று சொன்னால், எதைத் திருத்துவது என்று அவருக்குத் தெரியும். 'குய்ய்' என்ற விசிலுக்கு மோல்டு (காதின் அளவுக்குச் செய்த அச்சு) தளர்ந்ததோ அழுக்கு அடைத்ததோ காரணமாக இருக்கலாம். மெஷினே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

எண்ணெய் தேய்க்கும் முன், குளிக்கும் முன் கழற்றிவிடுங்கள். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள். புதுப் பேட்டரியின் ஸ்டிக்கரைப் பிய்த்ததும் ஓரிரு நிமிடம் காற்றுப் படவிட்டுப் போடுங்கள். திரும்ப ஒட்டி வைத்தாலும் பேட்டரி தீர்ந்துகொண்டேதான் இருக்கும்.

பணம் இடித்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தகுதியுள்ளவர்களுக்கு இலவச மெஷின் உண்டு, விசாரியுங்கள். கடையில் வாங்கினால் பில்லைப் பாருங்கள். காது மெஷினுக்கு ஜிஎஸ்டி கிடையாது.