கால் செய்யும் முன் ஒரு கணக்கு

ஹோல்டெம் போக்கரில் (கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு) எதிராளி பெட் (பந்தயம்) வைத்ததும் உங்கள் சீட்டின் அழகைப் பார்க்காதீர்கள், விலையைப் பாருங்கள். பாட் எனும் நடுப்பணத்தில் 100 சிப்ஸ் (பந்தய வில்லைகள்) இருக்கிறது, அவர் 50 வைக்கிறார். நீங்களும் அதே 50ஐப் போட்டால், அதாவது கால் செய்தால், மொத்தம் 200. அதில் உங்கள் பணம் நாலில் ஒரு பங்கு. ஆக, ஜெயிக்கும் வாய்ப்பு 25 சதவீதத்தைத் தாண்டினால்தான் கால் கட்டுப்படியாகும். அவர் 100 வைத்தால் 33 சதவீதம் வேண்டும், 33 வைத்தால் 20 போதும்.

வாய்ப்பை எப்படி எண்ணுவது? கையில் ஆட்டின் (ஹார்ட்) ஏஸ், ஆட்டின் 7. ஃப்ளாப்பில் (மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில்) ஆட்டின் ராஜா, ஆட்டின் 4, கிளாவர் 9. பதின்மூன்று ஆட்டினில் நாலு கண்ணில் பட்டுவிட்டது, மீதி 9. நீங்கள் பார்க்காத சீட்டு 47. டர்னில் (நாலாவது பொதுச் சீட்டில்) ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) அமைய வாய்ப்பு சுமார் 19 சதவீதம். டர்ன், ரிவர் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) இரண்டும் சேர்ந்தால் 35. மனக்கணக்குக்கு, அவுட்ஸை (உங்கள் கையை அமைத்துத் தரும் மீதிச் சீட்டுகளின் எண்ணிக்கையை) ஒரு சீட்டுக்கு 2ஆலும் இரண்டு சீட்டுக்கு 4ஆலும் பெருக்கினால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். 35 என்பது 25ஐ விடப் பெரிது என்று கால் செய்துவிடுகிறார்கள். டர்னில் அவர் மறுபடி பெட் வைப்பார், ரிவரைப் பார்க்க இன்னொரு விலை கொடுக்க வேண்டும். யாராவது ஆல்-இன் (தன்னிடமுள்ள எல்லாச் சிப்ஸையும் வைத்து) போயிருந்தால் மட்டுமே 35 செல்லும். இல்லையென்றால் கையில் இருப்பது 19தான், துண்டு விழுகிறது. அதை ஈடுகட்ட, டர்னில் ஃப்ளஷ் விழுந்த பிறகு சராசரியாக இன்னும் 62 சிப்ஸாவது அவரிடமிருந்து வர வேண்டும். மேசையில் மூன்றாவது ஆட்டினைக் கண்டதும் ஃபோல்ட் செய்கிற (சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்குகிற) ஆளிடம் அது பேராது.

ஸ்ட்ரெயிட் என்பது வரிசையாக ஐந்து சீட்டு. இரு முனையும் திறந்த ஸ்ட்ரெயிட்டுக்கு 8 அவுட்ஸ், நடுவில் ஒன்று குறைந்தால் 4 மட்டுமே. உங்கள் ஃப்ளஷ் சிறியதாக இருந்தால் 9ஐயும் முழுசாக எண்ண வேண்டாம். பெரிய ஆட்டின் வேறொருவர் கையில் இருக்கலாம்.

ரிவரில் அவுட்ஸ் என்ற பேச்சே இல்லை. பாதி பாட் பெட்டுக்கு, நாலில் ஒரு தடவைக்கு மேல் அவர் ப்ளஃப் (மோசமான கையோடு பந்தயம் வைத்து மிரட்டுவது) செய்கிறவரா என்பதே கேள்வி. முன்பே கால் செய்துகொண்டே வந்த அமைதியான ஆள் ரிவரில் திடீரென்று ரெய்ஸ் செய்தால் (பந்தயத்தை உயர்த்தினால்), ஒற்றை ஜோடியைக் கீழே வைத்துவிடுங்கள்.

நீங்கள் பெட் வைப்பதென்றால்: என்னைவிட மோசமான கை எது கால் செய்யும்? நல்ல கை எது ஃபோல்ட் செய்யும்? இரண்டுக்கும் பதில் இல்லையா, செக் (பந்தயம் வைக்காமல் கடந்துவிடுங்கள்). வெறும் ப்ளஃபாகப் பாதி பாட் வைத்தால் மூன்றில் ஒரு தடவைக்கு மேல் அவர் ஃபோல்ட் செய்தாக வேண்டும். எதிரே இருவர் இருந்து, தலைக்குப் பாதி வாய்ப்பு என்றாலும் இருவருமே ஒதுங்குவது நாலில் ஒரு தடவைதான். அங்கே ப்ளஃப் நஷ்டம்.