ஆஸ்துமாவில் சிறுநீர்ப் பரிசோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூச்சுக்குழாயில் நிகழும் அழற்சியைச் சிறுநீரில் தேடுவது முதலில் விந்தையாகத் தோன்றலாம். ஆனால் மாஸ்ட் செல்கள், ஈசினோஃபில்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் வெளியிடும், மூச்சுக்குழாயைச் சுருக்கும் சிஸ்டைனைல் லூக்கோட்ரையீன்கள் என்னும் வேதிப்பொருள்கள் சிதைந்து, லூக்கோட்ரையீன் ஈ4 என்னும் நிலையான பொருளாகச் சிறுநீரில் வெளியேறுவதால், கருவியில் ஊதத் தெரியாத சிறு குழந்தையிடம்கூட அதை அளக்க முடிகிறது. இந்த எளிமையே அறிக்கையின் எண்ணை அப்படியே நம்பவும் தூண்டிவிடுகிறது.

அடிக்கடி நேரும் தவறு, ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் இந்தப் பொருள் எவ்வளவு என்பதை மட்டும் பார்ப்பது. ஒருவர் காலையில் தரும் அடர்த்தியான சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 180 பிகோகிராமும், நிறையத் தண்ணீர் குடித்தபின் மாலையில் 60 பிகோகிராமும் இருப்பதாகக் கொள்வோம். அழற்சி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதாகத் தோன்றும். அதே மாதிரிகளில், தசையிலிருந்து ஓரளவு சீராக வெளியேறும் கழிவுப்பொருளான கிரியேட்டினின் மில்லிலிட்டருக்கு முறையே 1.5, 0.5 மில்லிகிராம் என்றால், ஒரு மில்லிகிராம் கிரியேட்டினினுக்கு இரண்டிலும் 120 பிகோகிராம்தான். மாறியது தண்ணீரின் அளவு மட்டுமே. இந்தத் திருத்தமும் முழுமையானதன்று. கிரியேட்டினின் தசையின் அளவைச் சார்ந்தது என்பதால், தசை குன்றிய முதியவரின் விகிதத்தை உடற்கட்டுள்ள இளைஞரின் விகிதத்துடன் ஒப்பிடுவது சரியாகாது. ஒருவரையே தொடர்ந்து கவனிப்பதானால், ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் மாதிரி எடுப்பது நல்லது.

மருந்தை மறந்துவிட்டு எண்ணைப் படிப்பது இன்னும் சிக்கலானது. ஆஸ்துமா மாத்திரையான மான்டெலுகாஸ்ட் லூக்கோட்ரையீன் உற்பத்தியை நிறுத்துவதில்லை. லூக்கோட்ரையீன் செல்லில் வந்து ஒட்டும் இடமான ஏற்பியை மட்டுமே மறிக்கிறது. ஆகவே மாத்திரை நன்றாக வேலை செய்யும்போதும் சிறுநீரில் லூக்கோட்ரையீன் ஈ4 குறையாமலே இருக்கலாம். உற்பத்திக்கான நொதியையே தடுக்கும் ஜைலூட்டான் என்னும் மருந்தில் நிலைமை வேறு. அங்கே எண் இறங்குவதை எதிர்பார்க்கலாம். உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுகளும் இந்தப் பாதையைப் பெரிதாக அடக்குவதில்லை. எண் உயர்ந்திருப்பதை வைத்து, "இன்ஹேலரை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை" என்று நோயாளியைக் கடிந்துகொள்வது என் கணிப்பில் அநியாயம்.

சிறுநீரில் அளக்கப்படும் குறிப்பான்களில் (உடலின் நிலையைக் காட்டும் பொருள்களில்) ஒன்றை மட்டும் அழற்சி முழுவதற்கும் அளவுகோலாக்குவதும் தவறு. புரோமோடைரோசின் ஈசினோஃபில்களின் செயல்பாட்டையும், புரோஸ்டாகிளாண்டின் டி2-வின் சிதைபொருள்கள் முக்கியமாக மாஸ்ட் செல்களின் செயல்பாட்டையும், ஐசோபுரோஸ்டேன்கள் ஆக்சிஜனேற்றப் பாதிப்பையும் காட்டுகின்றன. ஒன்று இயல்பாக இருப்பதால் மற்றவையும் அடங்கிவிட்டன என்று பொருளில்லை. மறுபுறம், ஆஸ்பிரின் ஒவ்வாத ஆஸ்துமாவில் லூக்கோட்ரையீன் ஈ4 வெகுவாக உயர்வது உண்மையே என்றாலும், புகைபிடிப்பவரிடமும் உறக்கத்தில் மூச்சுத் தடைபடுபவரிடமும்கூட அது உயர்ந்து காணப்படுகிறது. ஆஸ்பிரின் ஒவ்வாமையை உறுதிசெய்ய வேண்டுமானால், மருத்துவக் கண்காணிப்பில் அந்த மருந்தைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்ப்பதே வழி. வீட்டில் தாமாக மாத்திரை விழுங்கிச் சோதிப்பது உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆய்வகம் மாறும்போதும் கவனம் வேண்டும். எதிர்ப்பொருள் சார்ந்த சோதனை, ஒத்த அமைப்புள்ள பிற பொருள்களையும் சேர்த்து எண்ணக்கூடும். மூலக்கூறுகளை நிறையைக் கொண்டு அடையாளம் காணும் நிறை நிறமாலைமானி தனித்துப் பிரித்து அளக்கிறது. எனவே இவ்விரண்டு முறைகளின் முடிவுகளையும் ஒரே வரைபடத்தில் வைத்து ஏற்ற இறக்கம் காண்பது பயனற்றது. இப்பரிசோதனைகள் பெரும்பாலும் இன்னும் ஆராய்ச்சிக் களத்திலேயே இருப்பதால், ஸ்பைரோமெட்ரி (ஊதவைத்து நுரையீரலின் செயல்திறனை அளக்கும் சோதனை), வெளிமூச்சின் நைட்ரிக் ஆக்சைடு, ரத்த ஈசினோஃபில் எண்ணிக்கை ஆகியவற்றின் இடத்தில் இவற்றை வைக்கவோ, சிறுநீர் எண் குறைந்துவிட்டதென்று இன்ஹேலரைத் தாமாக நிறுத்தவோ கூடாது.