முதலாண்டு உயிரியல்: பெயர் தெரிந்தால் பாடம் தெரிந்துவிடாது

முதலாண்டு பி.எஸ்சி. மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகச் செல் உயிரியல் எடுக்கிறேன். முதல் உள்தேர்வு வந்தால் ஒரே காட்சிதான். ஒரு செல் இரண்டாகப் பிரியும் மைட்டாசிஸின் நிலைகளைக் கேட்டால் புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் என்று வரிசை பிசகாமல் படத்தோடு எழுதிவிடுவார்கள். "வெங்காய வேர்நுனிச் செல்லில் 16 குரோமோசோம்கள். அனாஃபேஸில் எத்தனை இருக்கும்?" என்று கேட்டால் பாதி வகுப்பு பேனாவைக் கீழே வைத்துவிடும். மீதிப் பேரில் பலர் 8 என்று எழுதுவார்கள். விடை 32.

இவர்கள் படிக்காத பிள்ளைகள் அல்ல. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள், இரவு கண்விழித்துப் படிப்பவர்கள். அந்த உழைப்பு வீணாவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. உயிரியல் என்றாலே மனப்பாடம் என்று பள்ளியில் யாரோ சொல்லிவைத்துவிடுகிறார்கள். பெயர்களைப் படித்ததும் பாடத்தையே படித்துவிட்டதாக நினைப்பது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எண்ணாமல் படிப்பது

செல் பிரிவதற்கு முன் டிஎன்ஏ நகலெடுக்கப்படுகிறது. அப்போது குரோமோசோம்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். டிஎன்ஏ அளவுதான் இரட்டிப்பாகிறது. நகலெடுத்த இரண்டு இழைகள், அதாவது குரோமேட்டிடுகள், சென்ட்ரோமியர் என்ற இணைப்பிடத்தில் ஒட்டியிருக்கும்வரை அது ஒரே குரோமோசோம். எப்போதும் சென்ட்ரோமியரை எண்ணுங்கள், குழப்பம் வராது. மனிதச் செல்லில் நகலெடுத்த பிறகும் குரோமோசோம் 46, குரோமேட்டிட் 92. அனாஃபேஸில் சென்ட்ரோமியர் பிரிந்ததும் ஒவ்வொரு குரோமேட்டிடும் தனிக் குரோமோசோம் ஆகிறது. அந்தச் சிறிது நேரம் செல்லுக்குள் 92 இருக்கின்றன. பிறகு பிரிந்த இரண்டு செல்லுக்கும் ஆளுக்கு 46.

விந்தணு, கருமுட்டை போன்ற இனச்செல்கள் உருவாகும் மியாசிஸில் இது மாறுகிறது. முதல் பிரிவில் சென்ட்ரோமியர் பிரிவதில்லை. அப்பாவிடமிருந்து வந்ததும் அம்மாவிடமிருந்து வந்ததுமாக ஜோடி சேர்ந்து நின்றவை பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போகின்றன. ஆகவே 23 ஆகக் குறைவது முதல் பிரிவிலேயே நடந்துவிடுகிறது. இரண்டாம் பிரிவு என்னதான் செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பு அமைதியாகிவிடும். அது குரோமேட்டிடுகளைப் பிரிக்கிறது, அவ்வளவுதான். தமிழில் மியாசிஸைக் 'குன்றல் பகுப்பு' என்கிறோம். என்ன நடக்கிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

படத்தை நூறு முறை பார்ப்பதைவிட, இரண்டு நிற நூலை எடுத்து மேசையில் வைத்து ஒருமுறை செய்து பாருங்கள். நீண்ட ஜோடி ஒன்று, குட்டை ஜோடி ஒன்று; ஒவ்வொரு ஜோடியிலும் சிவப்பு அப்பாவுடையது, நீலம் அம்மாவுடையது. ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் நகல் வெட்டி நடுவில் முடிச்சுப் போடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது நீளச் சிவப்போடு குட்டைச் சிவப்பும் போகலாம், குட்டை நீலமும் போகலாம் என்பது கண்ணுக்கே தெரியும். இரண்டு ஜோடிக்கு நான்கு விதம். மனிதனின் 23 ஜோடிக்கு 83,88,608 விதம். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் ஏன் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நூலைக் கையில் எடுத்தவர்கள் இதைத் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள். அந்த முகங்களைப் பார்ப்பதற்காகவே நான் ஒவ்வோர் ஆண்டும் நூல்கண்டு வாங்குகிறேன்.

ஒப்பீட்டைக் குணமாக எடுத்துக்கொள்வது

சவ்வூடு பரவலில் "அடர்வு குறைந்த இடத்திலிருந்து அதிகமான இடத்துக்கு நீர் செல்லும்" என்று எழுதுகிறார்கள். எதன் அடர்வு? கரைபொருளின் அடர்வு. அந்த ஒரு சொல் விடுபட்டால் வாக்கியமே தலைகீழாகிவிடும். நீர் அதிகமிருக்கும் பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டால் எளிது. மாவடு போடும்போது சொட்டுத் தண்ணீர் விடுவதில்லை. உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் இரண்டு நாளில் ஜாடியில் நீர் நிற்கும், வடு சுருங்கியிருக்கும். ஆய்வகத்தில் ரியோ செடியின் இலைத் தோலை உப்புக் கரைசலில் வைத்துப் பார்ப்பதும் இதே நீரோட்டத்தைத்தான்.

இதோடு ஹைப்பர்டானிக் (கரைபொருள் கூடியது), ஹைப்போடானிக் (குறைந்தது), ஐசோடானிக் (சமமானது) குழப்பமும் சேர்ந்தே வரும். ஒரு கரைசலைத் தனியே காட்டி "இது ஹைப்பர்டானிக்" என்று சொல்ல முடியாது. தம்பியோ தங்கையோ இல்லாமல் ஒருவன் அண்ணன் ஆக முடியுமா? அதுபோலத்தான். 0.9 சதவீத உப்புக் கரைசல் மனிதச் சிவப்பணுவுக்கு ஐசோடானிக். நன்னீரில் வாழும் அமீபாவுக்கு அதே கரைசல் ஹைப்பர்டானிக். எதோடு ஒப்பிடுகிறோம் என்பதை விடையில் எழுதாவிட்டால் நான் மதிப்பெண் தருவதில்லை.

எண் மாறினால் பதறுவது

"சார், ஸ்கூல்ல 38 ஏடிபின்னு படிச்சோம். இந்த புக்ல 32ன்னு போட்டிருக்கு. எதை எழுதறது?" இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து செல்லுக்கு எத்தனை ஏடிபி, அதாவது ஆற்றல் மூலக்கூறு, கிடைக்கிறது என்பதுதான் விஷயம். இரண்டுக்கும் பின்னால் இருப்பது கணக்குதான். எலக்ட்ரான்களைச் சுமந்துவரும் மூலக்கூறுகளில் ஒரு என்ஏடிஹெச்சுக்கு 3 ஏடிபி, ஒரு எஃப்ஏடிஹெச்2வுக்கு 2 என்று முன்பு முழு எண்ணாக வைத்திருந்தார்கள்: பத்துக்கு 30, இரண்டுக்கு 4, நேரடியாகக் கிடைக்கும் 4, மொத்தம் 38. இன்று அவற்றைச் சுமார் 2.5, 1.5 என்று கணக்கிடுகிறார்கள்: 25, 3, 4, ஆக 32. குளுக்கோஸைப் பிளக்கும் முதல் கட்டமான கிளைக்காலிசிஸில் உண்டாகும் இரண்டு என்ஏடிஹெச்களின் எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எந்த வழியாகப் போகின்றன என்பதைப் பொறுத்து அது 30 ஆகவும் குறையும். எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர் புத்தகம் மாறும்போது தடுமாறுவார். கணக்கைத் தெரிந்தவர் எந்தப் புத்தகத்தையும் படித்துக்கொள்வார்.

பரிணாமத்தில் 'தேவை'யை நுழைப்பது

"கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது" என்று வீட்டில் சொல்லலாம், விடைத்தாளில் எழுதக்கூடாது. மருந்தைப் பார்த்துவிட்டு எந்தப் பாக்டீரியமும் தன்னை மாற்றிக்கொள்வதில்லை. கூட்டத்தில் ஏற்கெனவே மாறியிருந்த சிலது பிழைக்கிறது, பெருகுகிறது. 1943இல் லூரியா, டெல்பிரூக் என்ற இரு விஞ்ஞானிகள் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை வைத்து இதைக் காட்டினார்கள்: எதிர்ப்புத் தரும் மாற்றங்கள் தாக்குதலுக்கு முன்பே தற்செயலாக நேர்ந்திருந்தன. "தேவைப்பட்டதால் உருவானது" என்று உங்கள் விடையில் எங்காவது வந்தால் அந்த வரியை அடித்துவிட்டு, யார் பிழைத்தார்கள், ஏன் பிழைத்தார்கள் என்று எழுதுங்கள்.

கோடு போட்டுக்கொண்டே படிப்பது

மஞ்சள் ஹைலைட்டர் தீரும்வரை படிப்பது படித்த நிறைவைத் தரும், நினைவைத் தராது. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மறுபடி மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பிந்தைய சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து முந்தியவர்கள், படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள். தேர்வுக்கு முந்தைய இரவு "எல்லாம் தெரியும்" என்று தோன்றுவதை நம்பாதீர்கள். வெற்றுத்தாளில் செல் சுவாசத்தின் ஒரு கட்டமான கிரெப்ஸ் சுழற்சியைப் போட்டுப் பாருங்கள், எங்கே கை நிற்கிறதோ அங்கே படியுங்கள்.

தமிழ்வழியில் வந்தவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆங்கிலச் சொற்களைக் கண்டு அஞ்சி, பள்ளியில் தமிழில் புரிந்துகொண்டதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதலில் தமிழில் நண்பனுக்கு விளக்குங்கள், பிறகு சொல்லை மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்லைடைப் பார்க்காமல் ரெக்கார்டு வரைவது

சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து வரைந்தால் ஆசிரியரின் கையெழுத்து கிடைக்கும். ஆனால் அந்தப் படத்தில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு செல், எல்லாம் ஒரே அளவு. நீங்களே அசிட்டோகார்மின் சாயம் ஏற்றி நசுக்கிய வேர்நுனியில் அப்படி இருக்காது. பெரும்பாலான செல்கள் பிரிவு தொடங்காத இன்டர்ஃபேஸில் இருக்கும், அனாஃபேஸைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி, "நான் சரியாப் பண்ணலையா? மேற்கொண்டு வேற ஸ்லைடு போடட்டுமா சார்?" என்று கேட்டாள். வேண்டாம், அதே ஸ்லைடில் இருநூறு செல்களை எண்ணி நிலைவாரியாகக் குறித்துக்கொள் என்றேன். எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்தவள், "அனாஃபேஸ் சீக்கிரம் முடிஞ்சிடுது, அதான் கம்மியாத் தெரியுது, இல்லையா சார்?" என்றாள். அதை நான் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.