கரி ரயில் பெரிய பாதைக்குத் திரும்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் மலேசியாவில், சுங்கை சிப்புட் ஸ்டேஷன் பக்கம் காலையில் பசியாற உட்கார்ந்தால், தம்பிகள் யாராவது கைப்பேசியை நீட்டுவார்கள். அமெரிக்காவில் 'பிக் பாய்' என்ஜின் புகை கக்கிக்கொண்டு போகும் காணொளி. "மாமா, நம்ம லைன்லயும் இப்படி ஒண்ணு விட்டா என்ன?" என்பார்கள். அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் செம்பனை ஆலையில் பல வருஷம் பாய்லர் பார்த்தவன் நான். எந்தத் தவறுகளைச் செய்யக்கூடாது என்பதுதான் எனக்கு முதலில் மனதில் வருகிறது.

காட்சிக்கு நிற்கும் என்ஜின் பளபளவென்று இருந்தால், தீ மூட்டினால் ஓடிவிடும் என்று நினைப்பது முதல் தவறு. 1941-ல் கட்டிய பிக் பாய் 4014-ஐ கலிபோர்னியாவில் இருந்த காட்சியகத்திலிருந்து 2013-ல் வாங்கினார்கள். அது மறுபடி பாதையில் ஏறியது 2019-ல்தான். இங்கிலாந்தின் 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்' பழுதுபார்ப்பு கிட்டத்தட்ட 10 வருஷம் இழுத்து, 2016-ல் முடிந்தது. வேலையெல்லாம் பாய்லருக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில். அமெரிக்கச் சட்டப்படி 1,472 நாள் ஓடினாலோ 15 வருஷம் ஆனாலோ, எது முதலில் வருகிறதோ அப்போது, உள்ளே இருக்கும் குழாய்களையெல்லாம் உருவிவிட்டுத் தகடுகளைச் சோதிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு தண்ணீரில் நடக்கிறது. என்ஜினின் நெருப்புப் பெட்டிக்கு மேலே ஒரு கூரைத் தகடு உண்டு. கீழே தீ, மேலே தண்ணீர். அந்தத் தண்ணீர்தான் தகட்டைக் காப்பாற்றுகிறது. மட்டம் இறங்கித் தகடு வெளியே தெரிந்தால் இரும்பு சிவந்து, இளகி, தொய்ந்து, கடைசியில் அழுத்தம் தாங்காமல் கிழியும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 லிட்டர் இடம் கேட்கும். அப்புறம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மட்டத்தைக் காட்டுவது விரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குழாய். அது முழுக்க நிறைந்திருந்தாலும், ஒரு சொட்டுகூட இல்லாவிட்டாலும், பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். புதுசாக வேலைக்கு வருகிற பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்: கண்ணாடியைப் பார்த்தால் போதாது, அதன் அடியில் இருக்கும் வடிகுழாயைத் திறந்துவிடு, சீறட்டும், மூடு. தண்ணீர் துள்ளி ஏறினால் சரி. சோம்பலாக ஏறினால் உள்ளே காறை, அதாவது தண்ணீரிலிருந்து படியும் கெட்டி உப்பு, அடைத்திருக்கிறது என்று அர்த்தம். 1995 ஜூனில் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் பாதையில் ஒரு பழைய என்ஜினில் இந்தக் கண்ணாடிக்குப் போகும் வழியே காறையால் அடைபட்டிருந்தது. தண்ணீர் குறைந்தது தெரியாமல் கூரைத் தகடு கிழிந்து, என்ஜினில் இருந்த மூன்று பேர் தீக்காயம் பட்டார்கள். காறை ஒரே நாளில் வருவதில்லை. கிடைத்த தண்ணீரைச் சோதிக்காமல் ஊற்றுவதும், பாய்லரைத் திறந்து கழுவாமல் தள்ளிப்போடுவதும்தான் காரணம். அவசரமாகச் சூடேற்றுவதும் இதே ரகம். இரும்பு ஒரே சீராக விரிய வேண்டும், அதனால் முந்தின நாளே மெதுவாகத் தீ போட வேண்டும்.

அடுத்தது, என்ஜின் ஓய்வு பெற்றபோது இருந்த பாதைதான் இன்னும் இருக்கிறது என்று எண்ணுவது. நம் ஸ்டேஷனுக்கு மேலேயே பாருங்கள், 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது. அந்தக் காலத்தில் தண்ணீர் பிடிக்கவும் கரியைச் சரிசெய்யவும் பின்வண்டி மேல் சாதாரணமாக ஏறுவார்கள். இப்போது கம்பிக்குக் கீழே ஏறினால் தொடக்கூட வேண்டாம், பக்கத்தில் போனாலே உயிர் போகும். வடக்கே கோலகங்சாரைத் தாண்டினால் பெராப்பிட் மலைக்குள் 3 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம். மின்ரயிலுக்கு அது ஒன்றுமில்லை, கரி என்ஜினில் நிற்பவனுக்கு மூச்சுத் திணறும். சிக்னலும் மாறிவிட்டது. 2015 மார்ச்சில் இங்கிலாந்தின் வூட்டன் பேசட் சந்திப்பில் ஒரு நீராவி ரயில் சிவப்பைத் தாண்டிப் போய் நின்றது. எச்சரிக்கும் கருவியை ஓட்டுநர் குழுவே முடக்கி வைத்திருந்தது. சற்று முன்புதான் ஒரு விரைவு ரயில் அந்தச் சந்திப்பைக் கடந்திருந்தது. யாருக்கும் அடிபடவில்லை, அது அதிர்ஷ்டம்.

"இங்கிலாந்திலிருந்து ஒன்று வாங்கிட்டு வரலாமே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நம் தண்டவாளம் ஒரு மீட்டர் அகலம், அவர்களுடையது 1,435 மில்லிமீட்டர். நீலகிரி மலை ரயில் நம் அகலம்தான், ஆனால் அதன் என்ஜின் பல்சக்கரத்தால் மலை ஏறுவதற்கென்று செய்தது. நம் நாட்டிலேயே சபாவில் விறகு போட்டு ஓட்டிய வல்கன் நிறுவனத்து நீராவி என்ஜின்கள் இருக்கின்றன. பார்த்துப் படிக்க வேண்டிய இடம் அது.

கடைசியாகச் சொல்வது வேடிக்கை பார்ப்பவர்களுக்கு. இதை மனசு கனத்துத்தான் எழுதுகிறேன். 2024 ஜூனில் கனடாவின் பழைய என்ஜின் 2816 மெக்சிகோவில் ஓடியபோது, தண்டவாளத்தை ஒட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் அடிபட்டு இறந்தார். ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் திரும்பிய நாளிலும் ஆட்கள் பாதையில் இறங்கியதால் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. தோட்டத்துப் பிள்ளைகளான நாம் தண்டவாளத்தை நடைபாதையாக நினைத்தே வளர்ந்தவர்கள். தண்டவாளத்துக்கு வெளியே நின்றால் போதும் என்று நினைக்கிறோம். என்ஜினின் உடம்பு தண்டவாளத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் நன்றாகவே துருத்திக்கொண்டிருக்கும். கைப்பேசித் திரையில் பார்க்கும்போது அது இன்னும் தூரத்தில் வருவது போலவே தெரியும்.

அப்படி ஒரு நாள் வந்தால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஈப்போ பக்கத்திலிருந்து கூவல் முதலில் வரும், புகை அப்புறம்தான் தெரியும்.